பால் பைத்தான் ஸ்டார்ட்டர் கிட்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும்

பால் பைத்தான் (ball python) என்ற வளர்ப்பு மலைப்பாம்புக்காகக் கண்ணாடித் தொட்டியோடு சேர்த்து விற்கும் கிட்டுகளில் பெரும்பாலும் இந்த நான்கும் இருக்கும்: ஒட்டும் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), குறித்த சூடு வந்ததும் மேட்டை நிறுத்தும் ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட், முள் வைத்த வெப்பமானி, அதே மாதிரி ஒரு ஈரப்பதமானி. ஹீட் மேட் தேறும். தெர்மோஸ்டாட், அதன் சூட்டை உணரும் சென்சாரை நாமே சரியாகப் பொருத்தினால் தேறும். முள் மீட்டர்கள் இரண்டையும் ஒட்டவே வேண்டாம்.

பால் பைத்தானுக்குச் சூடான பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் 24-க்குக் கீழே போகக் கூடாது. ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம். கிட்டின் தகுதியை இந்த எண்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஹீட் மேட் தரையில் மூன்றில் ஒரு பங்கை, அதுவும் ஒரு ஓரத்தில் மட்டும், மூடினால் போதும். முழுத் தரைக்கும் ஒட்டினால் சூடு தாங்காத பாம்புக்கு நகர்ந்து போக இடமிருக்காது. கண்ணாடிக்கு வெளியே, அடிப்பக்கம் ஒட்டி, தொட்டியைச் சின்னக் கால்கள் மேல் நிறுத்துங்கள். அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் சூடு தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும். இதன் பெரிய குறை, காற்றைச் சூடாக்காது என்பது. அறை 24-க்குக் கீழே இறங்குமானால் மேலே வலைக்கூண்டு போட்ட செராமிக் ஹீட்டர் (ஒளியில்லாமல் சூடு மட்டும் தருவது) தனியாக வேண்டும்.

இன்னொரு சிக்கலைக் கிட்டின் பெட்டியில் அச்சிடுவதில்லை. ஈரப்பதம் நிற்க 8 செ.மீ. ஆழத்துக்குத் தேங்காய் மட்டைச் சில்லு போடச் சொல்வார்கள். அந்த ஆழத்தில் மேட்டின் சூடு மேலே வந்து சேராது. பாம்பு சூட்டைத் தேடித் தோண்டிக்கொண்டு கண்ணாடி வரை இறங்கும், வயிற்றுச் செதில் வெந்துவிடும். அடியிலிருந்து வரும் சூட்டுக்குப் பாம்பு உடனே விலகிவிடும் என்று நம்ப முடியாது. ஆகவே மேட்டுக்கு மேலே மெல்லிய படுகையும் அதன்மேல் ஒரு பதுங்கிடமும், மற்ற பகுதியில் ஆழமான படுகையும் போடுங்கள். தொட்டி முழுக்க ஆழமாக வேண்டுமென்றால் மேட்டை விட்டுவிட்டு மேலிருந்து சூடு கொடுப்பதே சரி.

ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் மேட்டுக்குப் போதும். பல்புக்கு ஆகாது, விளக்கு அணைந்து எரிந்து பாம்பை மிரட்டும். பல்புக்கு ஒளியை மெல்லக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை, செராமிக்குக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் பல்ஸ் வகை. கிட்டில் வரும் உறிஞ்சு கப்பை நம்பிச் சென்சாரை உள்ளே ஒட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பாம்பு தட்டிவிட்டுச் சென்சார் தண்ணீர்ச் சட்டியில் விழுந்தால், தொட்டி குளிர்ந்துவிட்டதென்று தெர்மோஸ்டாட் மேட்டை நிறுத்தாமல் ஓட்டும். மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளியில் பொருத்துங்கள். தொட்டிக்குள் டேப் கூடவே கூடாது, பாம்பு ஒட்டிக்கொண்டால் செதிலோடு பிய்ந்து வரும்.

வெளியே வைத்த சென்சார் உள்தரையைவிடக் கூடுதலாகக் காட்டும். பதுங்கிடத்துக்குள் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் தரையை அளந்து, 32 வரும்வரை செட்டிங்கை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று மணி நேரம் பொறுக்க வேண்டும். மலிவான தெர்மோஸ்டாட்டில் ரிலே (உள்ளே இருக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு ஆன் நிலையிலேயே நின்றுவிடுவதுண்டு. அதனால் வாராவாரம் அளப்பதை விடாதீர்கள்.

ஈரப்பதமானிக்கு டிஜிட்டல் வாங்குங்கள், அதையும் சோதித்த பிறகே நம்புங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டுச் சேறு போல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் எப்போதும் 7 கூட்டிப் படியுங்கள். ஈரம் குறைந்தால் வலைமூடியில் பெரும்பகுதியை அலுமினியத் தாளால் மூடி, படுகையின் மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். அடி நனைய வேண்டும், மேல்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். மேலே தெளித்துத் தெளித்து ஈரமாகவே வைத்தால் செதில் அழுகல் வரும்.

பாம்பின் நடத்தையில் மாற்றம் தெரிந்தால் முதலில் அளவுகளைப் பாருங்கள். எப்போதும் குளிர்ந்த பக்கத்திலேயோ தண்ணீரிலேயோ கிடந்தால் சூடான தரை 34-ஐத் தாண்டியிருக்கலாம். அளவு சரியாக இருந்தால் சட்டித் தண்ணீரில் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவா பாருங்கள், அது உண்ணி. சூடான பதுங்கிடத்தை விட்டே வராவிட்டால் குளிர்ந்த பக்கம் 25-க்குக் கீழே இருக்கலாம், அல்லது அங்கே உடலோடு ஒட்டிப் பொருந்தும் பதுங்கிடம் இல்லை. இரையைக் கக்கினால் சூடு போதவில்லையா, இரை பெரிதா, விழுங்கி 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தீர்களா என்று யோசியுங்கள். கண் பால்நிறமாகி இரையை மறுத்தால் சட்டை உரிக்கப் போகிறது. செட்டிங்கில் கை வைக்காதீர்கள். சட்டை துண்டு துண்டாக வந்தால் ஈரம் குறைவு. கண் மேல் தங்கிய படலத்தைப் பிய்க்காமல், ஈரப் பாசி நிரப்பிய டப்பா ஒன்றை உள்ளே வையுங்கள்.

மூச்சில் விசில் சத்தம், வாயோரம் நுரை, தலையை மேல்நோக்கித் தூக்கியபடியே இருப்பது: இது சுவாசத் தொற்றாக இருக்கலாம். செட்டிங்கை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாள் கடத்தாமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தொட்டியின் சூடு, ஈர அளவுகளை எழுதி எடுத்துப் போனால் அவருக்கு உதவும்.