தேவ்நாரா, சவுத்தாம்ப்டனா, லாஸ் ஏஞ்சல்ஸா? மும்பையிலிருந்து முதுமையியல் முதுகலை

செம்பூர், மாட்டுங்கா பக்கம் நாற்பதைத் தாண்டிய தமிழர்கள் சிலர் இப்போது இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். வங்கியிலோ மருத்துவமனை நிர்வாகத்திலோ இருப்பவர்கள். வேலையை விடாமல், வீட்டிலிருந்தே முதுமையியலில், அதாவது மூப்பையும் முதியோர் வாழ்க்கையையும் ஆராயும் துறையில், ஒரு முதுகலைப் பட்டம். ஆசை வரக் காரணம் தேட வேண்டியதில்லை. பிள்ளைகள் நியூ ஜெர்சியில் இருக்க, சேடா நகரில் தனியாக இருக்கும் மாமா மாமிகள் ஒருபக்கம். தாராவியில் ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லாமல் எழுபதிலும் உழைக்கும் திருநெல்வேலிக்காரர்கள் இன்னொருபக்கம். ஊரில் அப்பா அம்மா. மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2021 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

தேவ்நார், சவுத்தாம்ப்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் மூன்றில் எது என்ற கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில்தான் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்றால் தேவ்நார். அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதற்கு வருகிறேன்.

தேவ்நார் என்றால் கோவண்டி ஸ்டேஷன் ரோட்டிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஐஐபிஎஸ். 1956-இல் தொடங்கியது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் அடுத்த ஸ்டேஷன். பக்கத்தில் குடியிருந்தும் பலருக்கு இது இருப்பதே தெரியாது. மக்கள்தொகை ஆய்வில் தொலைநிலை முதுகலை நடத்திவந்த நிறுவனம் இது. இந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்பதை அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இது பளபளக்கும் ஆன்லைன் படிப்பு இல்லை, பட்டத்தின் பெயரில் ‘முதுமை’யும் இல்லை. ஆனால் இந்தியாவின் முதுமையைப் பற்றி இன்று யார் எதைப் பேசினாலும் அந்த எண்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. 2017–18-இல் லாசி என்ற, இந்தியாவில் மூப்படைவோரைப் பற்றிய கணக்கெடுப்பின் முதல் சுற்றை நடத்தியவர்கள் இவர்கள். ஹார்வர்டும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் கூட்டாளிகள். 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களின் வாழ்க்கைத் துணைகள் என 72,000-க்கும் அதிகமான பேரை வீடு தேடிப்போய்ப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் அளந்தார்கள், கைப்பிடி வலு பார்த்தார்கள், நினைவாற்றலைச் சோதித்தார்கள், கடன் எவ்வளவு, யார் சோறு போடுகிறார்கள் என்றுகூடக் கேட்டார்கள். அதன் கிளை ஆய்வுதான் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்ற மறதிநோய் இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

இங்கே கற்பது எதற்கு உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிரான்ஸில் 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 ஆக 115 ஆண்டுகள் பிடித்தன. ஜப்பானுக்குச் சுமார் 25 ஆண்டுகளே போதுமாக இருந்தது. ஏன் இந்த வித்தியாசம்? ஆயுள் கூடியதைவிடப் பிறப்பு விகிதம் எவ்வளவு வேகமாகச் சரிந்தது என்பதில்தான் விடை அதிகம் இருக்கிறது. ஆயுள் அட்டவணை, அதாவது எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள், மீதி ஆயுள் எவ்வளவு என்று காட்டும் அட்டவணை, போடத் தெரிந்தால்தான் இதைக் கணக்காகக் காட்ட முடியும், அதைக் கற்றுத்தர ஐஐபிஎஸ்ஸைவிடப் பொருத்தமான இடம் இங்கே இல்லை.

இப்போது ஓட்டை. இந்தப் படிப்பில் கிழவர்கள் எண்ணிக்கையாக இருப்பார்கள், ஆளாக இருக்க மாட்டார்கள். குளிக்க மறுக்கும் பாட்டியிடம் எப்படிப் பேசுவது, மகனும் மருமகளும் சண்டை போடும் வீட்டில் எங்கே உட்காருவது என்பதெல்லாம் மக்கள்தொகைப் பாடத்தின் வேலை அல்ல. கணக்கு கசந்தவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை முதுமையியல் எம்எஸ்சி இதற்கு நேர் எதிர் என்று சொல்ல ஆசை, ஆனால் அப்படி இல்லை. அங்கும் மக்கள்தொகை ஆய்வு வலுவான துறை. வித்தியாசம், பேச்சு கொள்கையைச் சுற்றியே போகும்: ஓய்வூதியம், நீண்டகாலப் பராமரிப்பு, குடும்பத்துக்கும் அரசுக்கும் இடையே யார் எதைச் சுமப்பது. கட்டுரை எழுதி, திருத்தம் வாங்கி, மறுபடி எழுதும் பழக்கம் வரும். இங்கே பெரும்பாலான கல்லூரிகளில் கிடைக்காத பயிற்சி அது.

சிக்கல் எடுத்துக்காட்டுகளில் வரும். பிரிட்டிஷ் பராமரிப்பு இல்லங்களின் நிதி நெருக்கடியை வாரக்கணக்கில் படித்துவிட்டு நம் ஊர்க் கணக்குக்கு வந்தால், இந்திரா காந்தி முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயதுவரை மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய், 80-க்கு மேல் 500. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன என்றாலும், இரண்டையும் ஒரே கோட்பாட்டுக்குள் அடைப்பது மாணவரின் தலைவலி. இன்னொரு வேடிக்கை: இந்திய முதுமையைப் பற்றி ஆய்வேடு எழுதப் புறப்பட்டால் அநேகமாக லாசி தரவுக்குத்தான் கை போகும். பவுண்டில் கட்டணம் கட்டிவிட்டுக் கோவண்டிக்கே திரும்புகிறீர்கள்.

கட்டணத்துக்கு ஒரு வழி உண்டு. பிரிட்டனின் காமன்வெல்த் தொலைநிலைக் கல்வி உதவித்தொகை தேர்ந்தெடுத்த சில படிப்புகளின் கட்டணத்தை ஏற்கிறது. பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும், பார்த்துக்கொள்ள வேண்டும். அது கிடைத்தால் என் வரிசையை மாற்றிக்கொள்வேன், சவுத்தாம்ப்டன் முதலில்.

லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லியோனார்ட் டேவிஸ் முதுமையியல் பள்ளி 1975-இல் தொடங்கியது. உடம்பு எப்படி மூப்படைகிறது என்பதிலிருந்து முதியோர் சேவை நிறுவனத்தை நடத்துவதுவரை எல்லாம் அங்கே இருக்கிறது. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல பத்து லட்சம் ரூபாயைக் கடன் வாங்கிக் கட்டி, இந்தியச் சம்பளத்தில் அடைக்க முடியுமா என்று கேட்டால் முடியாது என்பேன். அமெரிக்காவில் குடியேறப் போகிறவருக்கோ, கம்பெனி பணம் கட்டுகிறவருக்கோ சரி. அங்கே மாலை ஐந்து மணி வகுப்பு என்றால் கோடையில் இங்கே மறுநாள் காலை ஐந்தரை. லண்டன் நேரம் ஐந்து மணி இரவு ஒன்பதரையாகும், சமாளிக்கலாம்.

டாக்டர்களுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதியோர் மருத்துவத்தில் எம்பிபிஎஸ் முடித்தவர்களுக்கென்றே ஒரு முதுநிலை டிப்ளமா வகுத்தது, அதை விசாரியுங்கள். டிமென்ஷியா ஒன்றே குறி என்றால் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகம்.

பட்டத்தின் செல்லுபடிக்கு வருவோம். அங்கீகாரமுள்ள இந்தியப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு, யுஜிசி, 2022-இல் அறிவித்தது. ஆனால் 2025-இல் உளவியல், ஊட்டச்சத்து உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்றது. ஆகவே முதுமையியலைச் சமூக அறிவியலாக நடத்துகிறார்களா, சுகாதாரப் படிப்பாகவா என்று கேட்டுவிட்டே இந்தியப் பல்கலைக்கழகத்தில் சேருங்கள். வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்தை வைத்து அரசு வேலைக்கோ பிஎச்டிக்கோ போக நினைப்பவர்கள், பணம் கட்டும் முன்பே, இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்னும் சமநிலைச் சான்று கிடைக்குமா என்று யுஜிசியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனியார் முதியோர் நல நிறுவனங்களில் இதை யாரும் பெரிதாகக் கிளறுவதில்லை.

ஐஐபிஎஸ்ஸின் ஓட்டையை அடைக்க நான் சொல்லும் வழி: படிக்கும் காலத்திலேயே வாரம் ஒரு அரைநாள் ஒரு முதியோர் பகல்நேர மையத்தில் போய் உட்காருங்கள், சம்பளம் எதிர்பார்க்காமல். எதிலும் சேரும் முன் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் இலவச டிமென்ஷியா ஆன்லைன் படிப்பை ஒருமுறை முடித்துப் பாருங்கள். சில வாரங்கள்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு லேப்டாப்பைத் திறக்க மனம் வருகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.