யூனோஸ் ரோட்ஸ்டரும் ஆயில் ஃபில்டரும்: ஒன்பது ஆண்டு அனுபவம்

காலையில் என் காடியை (காரை) ஸ்டார்ட் செய்ததும் நான் முதலில் பார்ப்பது ஆயில் பிரஷர் முள்ளைத்தான். என்னுடையது 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர், 1.6 லிட்டர் இன்ஜின். மற்ற நாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்ற அதே வண்டி. அந்த ஆரம்ப கால வண்டிகளில் இந்த மீட்டர் உண்மையான அழுத்தத்தைக் காட்டும். பின்னால் வந்தவற்றில் முள் நடுவில் போய் நின்றுகொள்ளும், அவ்வளவுதான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் எனக்குத் தெரிந்து இந்த வண்டி வேறு யாரிடமும் இல்லை. அதனால் வாங்கிய புதிதில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமல், கடைத்தெருவில் கிடைத்த எட்டு வெள்ளி (ரிங்கிட்) ஆயில் ஃபில்டரைப் போட்டேன். திருகு பொருந்தியது, ஒழுகவும் இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. இரவு முழுக்க நின்ற காடியைக் காலையில் எடுத்தால் முள் நாலைந்து வினாடி கீழேயே கிடக்கும். அதுவரை இன்ஜின் தலையில் டிக் டிக் என்று தட்டும். இந்த இன்ஜினில் வால்வு இடைவெளியைச் சரியாக வைத்திருப்பது ஹைட்ராலிக் லிஃப்டர்கள். அவற்றுக்கு எண்ணெய் போய்ச் சேரும் வரை சத்தம் வரும். லிஃப்டரையே மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, மாற்றவில்லை.

இந்த வண்டியில் ஃபில்டர் படுத்த வாக்கில் இருக்கிறது. இன்ஜின் நின்றதும் உள்ளே இருக்கும் எண்ணெய் திரும்ப வடிந்துவிடாமல் தடுப்பது ஃபில்டர் வாயில் இருக்கும் ஒரு ரப்பர் வளையம். அது சரியாக மூடாவிட்டால் எண்ணெய் இரவோடு இரவாக ஆயில் பாத்திரத்துக்கு இறங்கிவிடும். காலையில் பம்ப் காலி ஃபில்டரை நிரப்பிவிட்டுத்தான் மேலே அனுப்பும். சந்தேகம் தீர அந்த ஃபில்டரை வாள் வைத்து அறுத்துப் பார்த்தேன். அப்பா முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கறுத்துப்போன அந்த வளையத்தை இரண்டு விரலால் மடித்தார், ஓரம் வெடித்தது. "இதுல உயிர் இல்லப்பா" என்றார். ரப்பரைப் பற்றி அவர் சொன்னால் எனக்கு மறுபேச்சு இல்லை.

அதற்குப் பிறகு ஃபில்டர் வாங்கும்போது நான் பெட்டியைப் பார்ப்பதில்லை. வெளிச்சத்தில் பிடித்து, வாயில் வட்டமாக இருக்கும் சிறு துளைகள் வழியாகத் தீக்குச்சியால் ரப்பரை மெல்ல அழுத்துவேன். மெத்தென்று உள்ளே போய், விட்டதும் தானே மூட வேண்டும். சிலிக்கோன் வளையம் சூட்டில் எளிதில் இறுகாது, பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் இருக்கும். கறுப்பு நைட்ரைல் ரப்பர் புதிதில் நன்றாகவே மூடும், போகப் போக விறைக்கும். இப்போது நான் போடுவது மஸ்டாவின் அசல் ஃபில்டர். நீளமான ஃபில்டர் போட்டால் எண்ணெய் கூடுதலாகக் கொள்ளும் என்பார்கள். அதனால் கூடுவது கொஞ்சம்தான், இடுக்கில் கழற்றுவதோ இன்னும் கஷ்டம்.

கழற்றுவதுதான் இந்த வண்டியில் பெரிய வேலை. ஃபில்டர் வலப்பக்கம், இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. நம் காடிகளில் ஸ்டியரிங் தண்டும் அதே பக்கம். மேலிருந்து கை போகாது. நான் முன் வலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கவாட்டில் கை விடுவேன். இன்ஜின் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கும்போது தொட்டால் முழங்கை வரை சுடும். ஃபில்டரைக் கால் சுற்று தளர்த்தியதும் அதன்மேல் காலி ரொட்டிப் பை ஒன்றை மாட்டிவிட்டு, பையோடு சேர்த்துத் திருகுவேன். சிந்தும் எண்ணெய் பைக்குள்ளேயே நின்றுவிடும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒருமுறை அவசரத்தில் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் மாற்றினேன். பழைய ஃபில்டரின் வெளி விளிம்பில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் பட்டை இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததை அங்கே யாரும் பார்க்கவில்லை. அதன்மேல் புது ஃபில்டரைத் திருகிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் முள் ஆட ஆரம்பித்தது. உடனே இன்ஜினை அணைத்துச் செம்பனைத் தோட்ட ஓரமாக நிறுத்தி இறங்கினேன். பின்னால் தார்ச்சாலையில் நெடுக எண்ணெய்க் கோடு. மீட்டர் பொய் சொல்லும் வண்டியாக இருந்திருந்தால் இன்ஜின் அன்றைக்கே போயிருக்கும். அன்றிலிருந்து பழையதைக் கழற்றியதும் ரப்பர் பட்டை அதோடு வந்ததா என்று பார்த்து, இன்ஜின் முகத்தைத் துணியால் துடைத்து, விரலாலும் ஒரு சுற்று தடவிப் பார்ப்பேன். புதிய பட்டையில் புது எண்ணெய் பூசி, அது இன்ஜினைத் தொட்டதும் கையாலேயே இன்னும் முக்கால் சுற்று. ஸ்பானர் போட்டு இறுக்குவதே இல்லை.

எண்ணெய் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் பிடிக்கும், நாலு லிட்டர் டப்பாவில் கொஞ்சம் மிஞ்சும். 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுவேன். என் காடி பெரும்பாலும் கடைத்தெருவுக்குப் போய் வருகிற காடி. அந்தக் குறைந்த தூரத்தில் எண்ணெய் முழுதாகச் சூடாவதில்லை, ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அதனால் மாதம் ஒரு ஞாயிறு ஈப்போ தாண்டி சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஓட்டிப் போகிறேன்.

பழைய எண்ணெயை அதே டப்பாவில் ஊற்றி, சேகரிக்கிற பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். தோட்டத்துக் கால்வாய் ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது.

போன வாரம் வெளியூர் போய்விட்டு ஒன்பது நாள் கழித்து வந்து ஸ்டார்ட் செய்தேன். இரண்டு வினாடிக்குள் முள் எழுந்தது, தட்டல் இல்லை.