கோலாலம்பூர் வெயிலுக்கு எந்த வோல்பாக்கியா?

செந்தூல் அடுக்குமாடியில் அக்கா வீட்டில் டிங்கிப் பேச்சு ஓயாது. "பாக்டீரியா ஏற்றிய கொசுவை விடுகிறார்களே, எல்லாம் ஒரே வகையா?" என்று அத்தான் கேட்டார். இல்லை. அந்தப் பாக்டீரியாவின் பெயர் வோல்பாக்கியா, அதில் இரண்டு வகையைப் பார்ப்போம். டபிள்யூமெல் பழ ஈயிலிருந்து வந்தது. டபிள்யூஆல்ப்பி ஆசியப் புலிக்கொசுவிலிருந்து.

இரண்டுமே டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி கொசுவில் தாயின் முட்டை வழியாகத்தான் பரவும். அதனால் பெண் வாரிசு பெருகுவதே அவற்றுக்கு லாபம். வோல்பாக்கியா உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரியாது. வோல்பாக்கியாவின் 'சிஃப்' மரபணுக்களின் வேலை இது. வோல்பாக்கியா உள்ள பெண்ணின் முட்டையோ பொரியும். கொசுவுக்குள் நடக்கும் இந்த மோதல்தான் பாக்டீரியாவைக் கூட்டம் முழுக்கப் பரப்புகிறது. அப்புறம், அது டிங்கி வைரஸையும் அடக்குகிறது. அங்கேதான் நமக்கு நன்மை.

டபிள்யூமெல் இந்தோனேசியாவின் யோக்யாகர்த்தா நகரில் நடந்த சோதனையில் டிங்கியை 77 சதவீதம் குறைத்தது. முடிவு 2021இல் வெளியானது. அருமையான சாதனை. ஆனால் புழு வளரும் நீர் பகலில் 36, 37 டிகிரியைத் தொட்டால் கொசுவுக்குள் இந்தப் பாக்டீரியாவின் எண்ணிக்கை சரிகிறது, தாய்வழிக் கடத்தலும் தளர்கிறது. வெயிலில் கிடக்கும் பெயிண்ட் வாளியை நினைத்துப் பாருங்கள்.

டபிள்யூஆல்ப்பி அந்தச் சூட்டைத் தாங்கும். பெருநகர் கோலாலம்பூரில் ஆறு இடங்களில் இதை விட்டார்கள். டிங்கி சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். குறை? முட்டை வெகுநாள் காய்ந்து கிடந்தால் பொரிப்பு குறையும், பிறக்கும் பெண்களில் சில மலடாகும். இங்கே மழை அவ்வளவு காக்கவைப்பதில்லை. செந்தூலுக்கு என் தேர்வு டபிள்யூஆல்ப்பிதான்.