வீடியோவா, வாய்க்கதையா? வகுப்பில் எது எடுபடுகிறது

நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைப் பாடம் நடத்தாமல் பிள்ளைகளோடு பேசுவதற்கென்று வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் அந்த நேரத்தில் யாராவது ஒருவரின் கதையை வாயால் சொல்லிவந்தேன். போன ஜூனில் மூன்று நான்கு நிமிட வீடியோவுக்கு மாறினேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

வசதியைப் பார்த்தால் வாய்க்கதைக்கு ஈடில்லை. கரண்ட், நெட், ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். முதல் வாரம் வீடியோவை நெட்டிலிருந்து நேரடியாக ஓடவிட்டபோது, உருக்கமான இடத்தில் ரம்மி விளம்பரம் வந்து குதித்தது. வகுப்பே சிரித்தது. அதிலிருந்து முந்தின நாளே இறக்கி பென் டிரைவில் கொண்டுபோகிறேன்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது வேறொன்று: அந்த நேரத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பது. கதை சொல்லும்போது கரும்பலகை முன்னால் நிற்கிறேன். மூன்றாவது நிமிடத்தில் பிள்ளைகள் முகத்தில் 'சார் அட்வைஸ் ஆரம்பிச்சுட்டாரு' என்று எழுதியிருக்கும். யார் கதையானாலும் கடைசியில் 'நீயும் இப்படி இரு' என்றுதான் வந்து நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வீடியோ ஓடும்போது நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ரிமோட் முன் பெஞ்சு மாணவி கையில். எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை 1992 பார்சிலோனா ஒலிம்பிக் 400 மீட்டர் அரையிறுதியைப் போட்டேன். பிரிட்டன் வீரர் டெரெக் ரெட்மண்டுக்குத் தொடையின் பின்தசை கிழிந்துவிடுகிறது. அவர் தடத்தில் விழுந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். "இப்ப என்ன செய்வாரு?" ஆளுக்கொரு பதில். பிறகு மீதி: நொண்டிக்கொண்டே எழுகிறார், கூட்டத்திலிருந்து அப்பா ஓடிவந்து தோள் கொடுக்கிறார். முடிந்ததும், அந்த ஓட்டத்தை அவர் முடிக்கவில்லை என்றுதான் பதிவாகியிருக்கிறது என்றேன். அவ்வளவுதான், சண்டை. "கோட்டைத் தாண்டினாரே சார்!" "இன்னொருத்தர் தாங்கிப் பிடிச்சா எப்படிக் கணக்கு?" இந்த அமளியில் என் பக்கத்திலிருந்த பையன் மட்டும், "எங்கப்பான்னா வந்திருக்க மாட்டாரு" என்றான், யாருக்கும் கேட்காத மாதிரி. மணி அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டு வரை அவனோடு நடந்தேன். கரும்பலகை முன்னால் நின்றிருந்தால் அது என் காதில் விழுந்தே இருக்காது.

எல்லா வீடியோவும் இதைச் செய்யாது. சோக வயலினும் கனத்த குரலில் தத்துவமும் வைத்துத் தைத்தவை கரும்பலகை அட்வைஸைவிட மோசம். பையன்கள் அதையெல்லாம் ரீல்ஸில் பார்த்துச் சலித்தவர்கள், "பார்த்தாச்சு சார்" என்பார்கள். பின்னணிக் குரலை அணைத்தாலும் புரிகிற வீடியோ என்றால் எடுக்கிறேன்.

வாய்க்கதை ஜெயித்த ஒரு நாளையும் சொல்லிவிட வேண்டும். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கியதைச் சொல்லும்போது, சுவரில் அந்த உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டேன். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியவர் இதைத் தாண்டினார் என்றதும், ஒவ்வொருத்தராக வந்து கோட்டுக்குக் கீழே நின்று பார்த்தார்கள். வகுப்பிலேயே உயரமானவனுக்கும் தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. அந்த வேலையைத் திரை செய்யாது.

என் அனுபவம் ஒரே வகுப்பில், ஒரு வருடம்தான். ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்கு இன்னும் வாய்க்கதைதான் பிடிக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் நான் செய்து பார்க்கவில்லை. பிளஸ் டூவில் இதற்கு ஒரு பீரியட் கேட்டால் தலைமையாசிரியர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.