ஓடிடி கணக்கு கசிந்ததா? அடுத்து வரும் போனுக்கு உஷார்

சேலம் மக்களே, இதை வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவுக்கு நடந்தது இது.

அவர் சந்தா கட்டும் ஓடிடி நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர் விவரங்கள் திருடுபோயின. நிறுவனம் ஆங்கிலத்தில் ஒரு மெயில் தட்டிவிட்டதோடு சரி. பெயர், போன் நம்பர் எல்லாம் போய்விட்ட விஷயம் அதில் கடைசிப் பத்தியில் இருக்கிறது. நாள் முழுக்கப் பட்டறையில் இருப்பவர் அதை எங்கே பார்ப்பார்?

திருடனோ நல்ல தமிழில் போன் செய்தான். "சார், உங்க அக்கவுண்ட் ஹேக் ஆயிருச்சு, மெயில் அனுப்பியிருந்தோமே" என்று ஆரம்பித்து, மாமாவின் முழுப்பெயர், எந்த பிளான், எப்போது முடிகிறது என எல்லாம் ஒப்பித்தான். இவ்வளவு தெரிந்தவன் கம்பெனி ஆள்தான் என்று யாரும் நம்புவார்கள். கணக்கைச் சரிசெய்ய ஓடிபி வரும் என்றான், மாமா சொல்லிவிட்டார். அந்த எஸ்எம்எஸ்ஸை நான் பார்த்தேன். அனுப்பியது பேங்க். ஓடிபிக்குப் பக்கத்திலேயே எடுக்கப்போகும் தொகையும் இருந்தது.

கஸ்டமர் கேரில் கேட்டால், "பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. 'எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே உள்ளே புகுந்தவன் அப்படியே உட்கார்ந்திருக்கலாம். 2022இலும் 2025இலும் பிளெக்ஸ் என்ற வீடியோ சேவையில் விவரங்கள் கசிந்தபோது அந்த நிறுவனம் இதையும் சேர்த்தே செய்யச் சொன்னது. அதே பாஸ்வேர்டு ஜிமெயிலுக்கோ வேறு எதற்கோ இருந்தால் அதையும் இன்றே மாற்றுங்கள். 2024இல் ரோகு என்ற டிவி ஸ்ட்ரீமிங் நிறுவனத்தில் சுமார் 5,76,000 கணக்குகளுக்குள் ஆட்கள் நுழைந்தது, வேறு எங்கோ கசிந்த பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்துத்தான். அப்புறம், யுபிஐ ஆப்பில் தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே பகுதியைத் திறந்து, தெரியாத சந்தா ஏதாவது ஓடுகிறதா பாருங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க முடியும். கார்டை உடனே பிளாக் செய்யுங்கள். மாமாவுக்குப் புகார் எண் வந்துவிட்டது, பணம் இன்னும் வரவில்லை.