ஃபைபர் கம்பி வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

பெங்களூரு ராமமூர்த்தி நகர் பக்கம் 30க்கு 40 சைட்டில் வீடு கட்டுகிறோம். போர்டிகோ தளம் போடுகிற சமயத்தில் ஒருவர் சைட்டுக்கே வந்து, கண்ணாடி இழைக் கம்பி துருவே பிடிக்காது, இரும்பில் கால்வாசி எடைதான், உங்கள் 12 எம்எம் கம்பிக்கு எங்கள் 10 எம்எம் போதும், இன்ஜினியரிடம் கேட்கவே வேண்டாம் என்று பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். நம்பிவிட்டோம்.

கம்பி கட்டுகிற திருவண்ணாமலை அண்ணன் முதல் நாளே, "சார், இது வளைய மாட்டேங்குது, விட்டா நிமிர்ந்துக்குது" என்றார். வெட்டிய முனையில் மூங்கில் சிம்பு மாதிரி வெள்ளை வெள்ளையாக நார் பிரிந்து நின்றது, தொட்டவர்களுக்கெல்லாம் கை அரிப்பு. விற்றவருக்குப் போன் போட்டால் சூடு காட்டி வளையுங்கள் என்கிறார். செய்யவே கூடாத வேலை அது. வளைவு வேண்டுமென்றால் தயாரிக்கும்போதே வளைத்துத்தான் வர வேண்டும். நல்லவேளை, அண்ணன் மறுத்துவிட்டார்.

முட்டு பிரித்து, முதல் மழைக்கே தளத்தின் நடுவில் தண்ணீர் தேங்கியது. அடியில் வரிவரியாக விரிசல்.

அப்புறம்தான் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிடம் ஓடினோம். இழுவை வலிமை இரும்பைவிட அதிகம் என்பது உண்மைதான், ஆனால் விறைப்பு, அதாவது பாரம் ஏறினாலும் நீளாமல் நிற்கிற தன்மை, இரும்புக்கு 200 ஜிகாபாஸ்கல் என்றால் இதற்கு 50 வாக்கில்தான், அதிலும் 12ஐ 10 ஆக்கியதில் பரப்பும் 30 சதவீதம் போய், கடைசியில் மிஞ்சியது ஆறில் ஒரு பங்கு விறைப்பு என்றார். தளம் தொங்காமல் என்ன செய்யும்? இரும்பு அறும் முன் இளகி நீளும், இது கடைசி வரை இழுத்துப் பிடித்துவிட்டுப் பட்டென்று அறுந்துவிடும்.

துருப்பிடிக்காது என்றால் ஆயுசுக்கும் கெடாது என்று அர்த்தமில்லை. கான்கிரீட்டின் காரமே வருடக்கணக்கில் கண்ணாடி இழையை அரிக்கும், காப்பது சுற்றியுள்ள பிசின்தான். வினைல் எஸ்டர் என்றால் பரவாயில்லை, சாதா பாலியஸ்டர் தாங்காது. அமெரிக்க கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டின் 2015 வழிகாட்டி, வெயில் மழை படுகிற இடத்தில் சான்றிதழில் உள்ள வலிமையை முதலில் 70 சதவீதமாகக் குறைத்து, எப்போதும் சுமக்கிற பாரத்துக்கு அதிலும் 20 சதவீதம்தான் விடுகிறது. ஆக, மொத்தமே 14 சதவீதம். அதே அமைப்பின் 2022 விதியில் தளர்த்திய பிறகும் கால்வாசிதான். எங்களுக்குக் காட்டிய கணக்கில் இதெல்லாம் எங்கே? சான்றிதழ் என்று கொடுத்ததும் 16 எம்எம் கம்பிக்கான ஜெராக்ஸ், பிசின் பெயரே அதில் இல்லை. ஐஎஸ் 18256 என்று இதற்கே இந்தியத் தரம் இருக்கிறது, அதன்படி உங்கள் அளவுக் கம்பியைச் சோதித்த தாளைக் கேளுங்கள்.

முறையாக டிசைன் செய்தால் நல்ல பொருள்தான், கடற்கரைக் கட்டுமானம் மாதிரி இது நன்றாகப் பொருந்துகிற இடங்களும் உண்டு. இரும்புக் கணக்கில் இதைச் செருகுவதுதான் ஆபத்து. எங்கள் போர்டிகோவுக்கு அடியில் இப்போது இரண்டு இரும்பு பீம் நிற்கிறது, செலவு 1 லட்சத்து 40 ஆயிரம். மிச்சக் கம்பிக் கட்டுகளைத் திருப்பி எடுக்க முடியாது என்று விற்றவர் சொல்லிவிட்டார்.

போன வாரம் கல்கெரேயில் ஒரு வீட்டு வாசலில் அதே கம்பி இறங்கியிருந்தது. வீட்டுக்காரரைத் தேடிப்பிடித்து எங்கள் தளத்தின் போட்டோவைக் காட்டினேன். வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்.