வலிக்கு ஹெம்ப் எண்ணெயா, பழைய மாத்திரையா? ஓர் ஒப்பீட்டு அலசல்

முழங்கால் தேய்மானம், விடாத முதுகு வலி, சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல் என்று இணையத்தில் எதைத் தேடினாலும் இப்போது ஹெம்ப் புட்டிகள் கண்ணில் படுகின்றன. விதை எண்ணெய், சிபிடி எண்ணெய், விஜயா சாறு, வலித்தைலம் எனப் பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் விளம்பரங்கள் எல்லாம் ஒரே குரலில்தான் பேசுகின்றன. ஹெம்ப், விஜயா இரண்டும் கஞ்சாச் செடியின் பெயர்கள்தான். ஒரே செடியிலிருந்து வருகின்றன என்பதைத் தவிர இவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. எளிதில் வாங்கக்கூடியதில் வலிக்கான சரக்கே இல்லை. ஓரளவு சான்று உள்ளது நம் ஊர் மருந்துக் கடைக்கு வரவில்லை. அந்தச் சான்றும், நாம் அலட்சியமாகப் பார்க்கிற மலிவான பழைய மாத்திரைகளை முந்தவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன்; இனி கணக்கைப் பார்க்கலாம்.

கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனிச் சேர்மங்கள் உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று டிஎச்சி, போதை தருவதும் வலி உணர்வை மாற்றுவதும் இதுதான். 1964இல் இஸ்ரேலில் மெக்கூலமும் கயோனியும் இதைத் தனியே பிரித்தெடுத்து அமைப்பை வரையறுத்தார்கள். மற்றொன்று சிபிடி; இது போதை தராது. ஒரு புட்டியை மதிப்பிட இந்த இரண்டும் எத்தனை மில்லிகிராம் இருக்கின்றன என்று பார்த்தால் போதும். ‘முழுச் செடியின் சக்தி’ என்பது போன்ற சொற்களைத் தாண்டிப் போய்விடலாம்.

விதை எண்ணெய்

இது ஓர் உணவு. குமாவோன், கட்வால் மலைப்பகுதிகளில் இந்த விதையை வறுத்து அரைத்துச் சட்னி செய்வது பழைய வழக்கம். ஒமேகா-3, ஒமேகா-6 கொழுப்புகளும் நல்ல புரதமும் இதில் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் ஹெம்ப் விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவாக அங்கீகரித்தது. கூடவே ஒரு வரம்பையும் வைத்தது: ஒரு கிலோவில் சிபிடி 75 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியானால் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. கீழே வரும் சிபிடி ஆய்வுகளில் மிகக் குறைவாகத் தரப்பட்ட அளவே நாளுக்கு 20 மில்லிகிராம். ஆக, சட்டப்படி தயாரான விதை எண்ணெயால் வலி குறைகிறது என்றால் அது சிபிடியின் வேலையல்ல. சாலட்டில் ஊற்றிச் சாப்பிடுங்கள், தவறில்லை. வலி மருந்துகளின் வரிசையில் இதற்கு இடமில்லை.

சிபிடி எண்ணெய்

இங்கேதான் பணம் அதிகம் கரைகிறது. போதை இல்லை, இயற்கையானது, பக்கவிளைவு இல்லை என்ற மூன்று வாக்குறுதிகளில் முதலாவது உண்மை, மூன்றாவது உண்மையல்ல.

டென்மார்க்கில் கை மூட்டுத் தேய்மானமும் சொரியாசிஸ் மூட்டு அழற்சியும் உள்ள 136 பேரிடம் 12 வாரங்கள் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு நாளுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் சிபிடி, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. 2022இல் முடிவு வெளியானது: இரு அணிகளுக்கும் வலியில் வேறுபாடு இல்லை. அளவு குறைவாக இருந்திருக்கலாம் என்று வாதிட முடியும். அடுத்த ஆண்டு வியன்னாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 86 பேரிடம் நாளுக்கு 600 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் பாரசிட்டமால் மட்டும் எடுத்தவர்களைவிட அதிகப் பயன் தெரியவில்லை. கல்லீரல் நொதிகள் சிலருக்கு ஏறியதுதான் மிச்சம்.

இந்த 600 மில்லிகிராமைப் பையின் கணக்கில் போட்டுப் பாருங்கள். 1000 மில்லிகிராம் சிபிடி உள்ள புட்டி, விலை சில ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது இரண்டு நாளைக்குக்கூட வராது. பலனற்றது என்று தெரிந்த 20 மில்லிகிராம் வீதம் எடுத்தால் மட்டும் 50 நாள் வரும்! இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. அட்டையில் ‘1000 மில்லிகிராம் சாறு’ என்று இருந்தால் அது சாற்றின் எடை; அதற்குள் சிபிடி எவ்வளவு என்பது வேறு எண். அந்த இரண்டாவது எண்ணும், அதற்கான ஆய்வக அறிக்கையும் இல்லாத புட்டியை வாங்காமல் இருப்பதே மேல். அமெரிக்காவில் 2017இல் இணையவழி விற்ற 84 சிபிடி பொருட்களைச் சோதித்தபோது 31 சதவீதத்தில் மட்டுமே அட்டையும் உள்ளடக்கமும் பொருந்தின. 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. அந்த நாட்டு நிலைமையே அப்படி.

தைலங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம் உள்ள 18 பேரிடம் நடந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் சிபிடி பூச்சு வலியைக் குறைத்தது. அதைப் பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் தைலத்தில் மெந்தால், கற்பூரம் சேர்ந்திருந்தால் அந்தக் குளிர்ச்சிக்கு ஹெம்பைப் பாராட்ட வேண்டியதில்லை.

டிஎச்சி உள்ளவை

வலிக்கும் கஞ்சாவுக்கும் உண்மையான தொடர்பு இருப்பது இங்கே. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் டிஎச்சி ஒட்டிக்கொண்டு நரம்புச் செய்திகளைத் தணிக்கிறது. ஆக்ஸ்போர்டில் 12 ஆண்களின் காலில் மிளகாய்க் காரம் கலந்த பூச்சைத் தடவி, டிஎச்சி கொடுத்து, மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். எரிச்சலின் அளவு அதிகம் குறையவில்லை. எரிச்சல் தரும் தொல்லை குறைந்தது. ஆளுக்கு ஆள் பலனும் வேறுபட்டது. வலி இருக்கிறது, ஆனால் அவ்வளவாக வருத்தவில்லை என்று பயனாளிகள் சிலர் சொல்வதற்கு இதுவே பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது. ஆண்டுக்கணக்கில் வலியோடு இருப்பவருக்கு அது சிறிய விஷயமல்ல.

ஆனால் எத்தனை பேருக்கு? நரம்பு வலி பற்றிய 16 ஆய்வுகளை, 1750 பேரின் தரவுகளை, காக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்தது. வலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் கஞ்சா மருந்து எடுத்த 100 பேரில் 21. வெற்று மருந்து எடுத்த 100 பேரில் 17. தொகுத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 20 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகப் பயன் பெறுகிறார். பக்கவிளைவு தாங்காமல் பாதியில் விலகியவர்கள் 100க்கு 10 பேர்; மறுபக்கம் 5. தலைசுற்றல், மயக்கம், குழப்பம் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம்.

2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வு இந்தத் துறையின் மிகப் பெரியவற்றில் ஒன்று. நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 820 பேர், 12 வாரங்கள், அளவு தரப்படுத்தப்பட்ட முழுச் சாறு. பதினொரு புள்ளி வலி அளவுகோலில் மருந்து எடுத்தவர்களுக்கு 1.9 புள்ளி குறைந்தது, வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு 1.3. வேறுபாடு 0.6 புள்ளி. ‘கஞ்சா முதுகு வலியைத் தீர்க்கிறது’ என்று தலைப்பிட்டவர்கள் அந்த 1.3ஐ வசதியாக விட்டுவிட்டார்கள்.

மேலைநாடுகளில் பரிந்துரைக்கப்படும் வாய்த்தெளிப்பு மருந்தான சாட்டிவெக்ஸில் ஒரு தெளிப்புக்கு 2.7 மில்லிகிராம் டிஎச்சி, 2.5 மில்லிகிராம் சிபிடி என்று அளவு உறுதி. நம் ஊரில் இதற்கு மாற்றாகக் கிடைப்பது ஆயுஷ் உரிமத்தோடு தயாராகும் விஜயா சாறுகளும், சித்த, ஆயுர்வேத லேகியங்களும். மருந்து விதிகளின் இ-1 அட்டவணை நச்சுப்பொருட்களின் பட்டியல். அதில் கஞ்சாவும் இருக்கிறது. எனவே இவற்றை மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். ஐந்து நிமிடக் காணொளி அழைப்பில் சீட்டு எழுதித் தரும் ஏற்பாட்டை மேற்பார்வை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாற்றிலாவது டிஎச்சி அளவைக் கேட்டு வாங்க முடியும். லேகியத்தில் ஓர் உருண்டைக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் தெரியாது. விழுங்கிய டிஎச்சி வேலை செய்ய ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகலாம். பலிக்கவில்லை என்று எண்ணி இரண்டாவது உருண்டையைப் போட்டவர்கள்தான் பதற்றத்தோடு மருத்துவமனைக்கு ஓடுகிறார்கள். பாரம்பரியத்தைக் காட்டி இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. 1839இல் கல்கத்தாவில் ஓஷாக்னஸி என்ற மருத்துவர் மூட்டுவாத நோயாளிகளுக்குக் கஞ்சாப் பிசின் கொடுத்து எழுதிய குறிப்புகளிலேயே, வலி தணிந்தவர்களோடு, கையைத் தூக்கி வைத்தால் வைத்த நிலையிலேயே அசையாமல் கிடந்த ஒருவரும் வருகிறார்.

பழைய மாத்திரைகள்

நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின், கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை முதல் வரிசை. 2015இல் லான்செட் நியூராலஜி வெளியிட்ட தொகுப்பில், ஒருவர் கூடுதலாகப் பயன்பெற எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அமிட்ரிப்டிலின் வகைக்கு 3.6, டுலாக்ஸெட்டின் வகைக்கு 6.4, கபாபென்டினுக்கும் பிரிகாபலினுக்கும் 7 முதல் 8. கஞ்சா மருந்துக்கு மேலே பார்த்தது 20. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை இப்படிப் பக்கத்தில் வைப்பது முழுக்க நியாயமில்லை என்பது உண்மைதான். ஆனால் இடைவெளி பெரிது. அமிட்ரிப்டிலின் மாத்திரை ஒன்று சில ரூபாய்தான்.

குறைகள் இவற்றுக்கும் உண்டு. அமிட்ரிப்டிலினால் வாய் வறளும், மலச்சிக்கல் வரும், காலையில் தலை கனக்கும். இதயத் துடிப்புக் கோளாறு, கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர்களுக்கு ஏற்றதல்ல. பிரிகாபலினால் கால் வீங்கும், எடை கூடும், சிலருக்குப் பழக்கமாகவும் ஆகிவிடும். இவற்றை எடுத்துப் பார்த்துத் தாங்காமல் விட்டவர்கள் எண்ணெய்ப் பக்கம் திரும்புவதில் எனக்கு வியப்பில்லை.

இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வுகள் சொற்பம். 2008இல் பிரிட்டனில் நரம்பு வலி உள்ள 96 பேரிடம், டிஎச்சியைப் போலச் செயற்கையாகச் செய்த நாபிலோனையும் டைஹைட்ரோகோடீன் என்ற மிதமான ஓபியாய்டையும் (அபினி வகை வலி மருந்து) ஒப்பிட்டார்கள். ஓபியாய்டுதான் வென்றது, பக்கவிளைவும் அதில் குறைவு. மான்ட்ரியாலில், உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளிடம் நாபிலோனையும் அமிட்ரிப்டிலினையும் ஒப்பிட்டபோது தூக்கத்தில் நாபிலோன் சற்று மேலாக இருந்தது, வலியில் பலன் இல்லை. கஞ்சா எண்ணெய் எடுப்பவர்கள் ‘வலி குறைந்தது’ என்று சொல்லும்போது, இரவில் நன்றாகத் தூங்கினீர்களா என்றும் கேட்க வேண்டும். தூக்கமே பெரிய நிவாரணம்தான். அதற்கு வேறு வழிகளும் உண்டு.

ஓபியாய்டு மாத்திரைகளைக் குறைக்கக் கஞ்சா உதவும் என்ற வாதமும் ஆட்டம் கண்டுவிட்டது. மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த அமெரிக்க மாநிலங்களில் ஓபியாய்டு மரணங்கள் குறைவு என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. அதே கணக்கை 2017 வரை நீட்டியபோது தலைகீழாகி, அந்த மாநிலங்களில் மரணங்கள் அதிகம் என்று வந்தது. ஆஸ்திரேலியாவில் 1514 வலி நோயாளிகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தபோதும் கஞ்சா எடுத்தவர்களுக்கு வலியோ ஓபியாய்டு அளவோ குறையவில்லை.

வல்லுநர் அமைப்புகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு நாள்பட்ட வலிக்கு டிஎச்சி மருந்துகளைத் தர வேண்டாம் என்கிறது. சிபிடியை ஆய்வுக்குள் மட்டும் தரலாம் என்கிறது. பிஎம்ஜே மருத்துவ இதழின் 2021 வழிகாட்டுதலோ, மற்றவை பலிக்காதபோது புகைக்காத வடிவத்தில் முயன்று பார்க்கலாம் என்று மெல்லிய குரலில் பரிந்துரைக்கிறது. எனக்குப் பிந்தையது ஏற்புடையது, அதன் நிபந்தனைகளோடு.

சட்டமும் பயணமும்

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பூவையும் பிசினையும் தடுக்கிறது. பூந்தலைப்பு சேராத இலையும் விதையும் அதன் வரையறைக்கு வெளியே நிற்கின்றன. இலைச் சாற்று வியாபாரம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஆனால் இலையை மாநிலச் சட்டங்கள் தனியே கையாளுகின்றன. வாரணாசியில் உரிமம் பெற்ற பாங்க் (கஞ்சா இலை) கடை உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. எனவே மருத்துவர் சீட்டும் வாங்கிய ரசீதும் இல்லாமல் புட்டியைக் கையில் வைத்திருக்க வேண்டாம். சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் இதைப் பெட்டியில் போட்டுவிட வேண்டாம். அங்கே சிபிடியும் தடைசெய்யப்பட்டதுதான், இந்தியச் சீட்டு காப்பாற்றாது.

யாருக்கு எது

நரம்பு வலி என்றால் முதல் வரிசை மாத்திரைகளில் ஒன்றைச் சரியான அளவில், போதிய வாரங்கள் எடுத்துப் பாருங்கள். பலர் நான்கு நாளில் நிறுத்திவிட்டுப் பலிக்கவில்லை என்கிறார்கள். முழங்கால் தேய்மானத்துக்குத் தொடை தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் எந்த எண்ணெயையும்விட மேல். இவையெல்லாம் தோற்ற பிறகு, டிஎச்சி அளவு தெரிந்த சாற்றை, மற்ற மருந்துகளை அறிந்த மருத்துவர் சொன்னால், இரவில் மிகக் குறைந்த அளவில் தொடங்கிப் பார்க்கலாம். மூன்று மாதத்தில் வலி மூன்றில் ஒரு பங்காவது குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மனநோய் வரலாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இளம் வயதினர், இதய நோயாளிகள், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்குச் சிபிடி இரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும். வலிப்பு மருந்தான குளோபசாமின் அளவையும் அது உடலில் ஏற்றிவிடும்.

புற்றுநோய் வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் குடும்பங்களிடம்தான் இந்த எண்ணெய்கள் மிகக் கூசாமல் விற்கப்படுகின்றன. ஓபியாய்டு கொடுத்தும் அடங்காத புற்றுநோய் வலிக்குச் சாட்டிவெக்ஸைப் பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். அவை முதன்மை இலக்கை எட்டவில்லை. அந்த வலிக்கு வேலை செய்யும் மருந்து மார்ஃபின். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி மருத்துவமனைகள் அதை வைத்திருப்பதை எளிதாக்கினார்கள். வீட்டில் அப்படி ஒருவர் வலியில் இருந்தால், கூரியரில் வரும் புட்டிக்குக் காத்திராமல், அருகில் வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது, அங்கே வாய்வழி மார்ஃபின் இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரியுங்கள்.